குத்தூசி போன தடம்

செஞ்சியில் யாரும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று முழுப்பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. கமிட்டிதான். "நெல்லு கமிட்டிக்குப் போயிருக்குது" என்றால் அந்த வீட்டில் அன்றைக்குக் கையில் காசு புரளும் என்று அர்த்தம். அறுப்பு முடிகிற மாதங்களில் விடியுமுன்பே மூட்டைகள் வரிசை கட்டிவிடும். என் அப்பா அங்கே ஒரு வியாபாரிக்கு நெல் பார்க்கிற வேலை செய்தார். அந்த வேலைக்கு ஒரே ஒரு கருவி, குத்தூசி. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான இரும்புக் குழல். முனை கூராக இருக்கும், உடல் நீளவாக்கில் திறந்திருக்கும். சாக்கின் விலாவில் சாய்த்துக் குத்தி லேசாகத் திருப்பினால் ஒரு பிடி நெல் உள்ளங்கையில் வந்து விழும். அப்பா அதைக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, ஒரு அரிசியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ஈரம். விலை அந்தச் சத்தத்தில் இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் கடிப்பதைத்தான் பார்ப்பார்கள். எனக்கு மனதில் நிற்பது அதற்கு ஒரு நொடி முந்தியது. குத்தூசியை உருவியதும் அப்பாவின் கட்டைவிரல் தானாக அந்தத் துளையின்மேல் போய் இரண்டு தேய்ப்புத் தேய்க்கும். விலகி நின்ற சணல் இழைகள் திரும்ப ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். எங்கே குத்தினார் என்று தேடினாலும் தெரியாது. "தேய்க்காம போனா மூட்டை அழுவும்" என்பார். அழுவது என்றால் நெல் ஒழுகுவது. பிளாஸ்டிக் சாக்கு வந்த பிறகு அவருக்கு எரிச்சல். அதில் இழை விலகிக் கொடுக்காது, அறுந்துதான் போகும். குத்திய இடம் குத்தியபடி நிற்கும்.

பல வருடம் கழித்துச் சென்னையில் ஒரு ஆய்வகத்தில் நான் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கட்டைவிரலைத்தான்.

வேலை இதுதான். உடலுக்கு வெளியே, தட்டில் வளர்கிற மனித செல்களுக்குள் வெளியிலிருந்து ஒரு மரபணுவை, ஜெல்லிமீனைப் பச்சையாக ஒளிரவைக்கும் மரபணுவை, போடவேண்டும். அதையும் குப்பியிலோ தட்டிலோ செய்யாமல், தீப்பெட்டி அகலம்கூட இல்லாத ஒரு சிப்பில், தலைமயிரைவிடக் குறுகலான வாய்க்காலில் செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுச் செய்யவேண்டும். நுண்பாய்மச் சில்லு என்று தமிழில் எழுதுகிறார்கள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது சிப்.

சிப் என்றதும் கணினி நினைவுக்கு வரும். இது சிலிக்கோன் ரப்பர். கண்ணாடிபோலத் தெளிவான கெட்டித் திரவத்தில் பத்துக்கு ஒன்று என்று இறுகுவானைக் கலந்து, வாய்க்காலின் வடிவம் புடைத்து நிற்கும் அச்சின்மேல் ஊற்றவேண்டும். உள்ளே மாட்டிய காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடுப்பில் வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும். அல்வாத் துண்டு மாதிரி அறுத்து உரித்து, குழாய் சொருகத் துளை போட்டு, கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டவேண்டும். ஒட்டுவதற்குப் பசை கிடையாது. இரண்டு பரப்பையும் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் அரை நிமிடம் காட்டிவிட்டுச் சேர்த்து வைத்தால் பிரிக்கவே முடியாதபடி பிடித்துக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்து ரப்பரைக் கிழித்தேன். ஒட்டு விடவில்லை.

அவ்வளவு சின்ன வாய்க்காலில் தண்ணீரின் குணமே மாறிவிடுகிறது. செஞ்சிக் கோட்டையில் கல்யாண மஹாலின் மேல்மாடிகளுக்கு மண்குழாய் வழியே நீர் போனதாகச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அந்தக் குழாயில் தண்ணீர் சுழலும், புரளும், குமிழி விடும். ஐம்பது மைக்ரான் வாய்க்காலில் தண்ணீர் புரள்வதே இல்லை. சிவப்புச் சாயம் கலந்த நீரையும் நீலச் சாயம் கலந்த நீரையும் அக்கம்பக்கமாக விட்டால், ஒரே வாய்க்காலில் கோடு கிழித்ததுபோல இரண்டும் தனித்தனியே ஓடும். கலப்பது, மூலக்கூறுகள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் பரவினால்தான். பங்காளிகள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசாமல் இருக்கிற மாதிரி. இந்த ஒழுங்குதான் சிப்பின் பலம். எந்தச் செல் எங்கே, எந்த நொடியில் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் இந்த வேலையை விளக்கினால் எல்லோரும் சொல்வது ஒன்றே: "ஓ, கோட்டைக்குள்ள ஆள அனுப்பற மாதிரி." செஞ்சியில் பிறந்தவர்களுக்கு எதைச் சொன்னாலும் கோட்டைதான் உவமை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது எங்களுடையது ஒன்றுதான் என்றானபிறகு கேட்கவே வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்று, மூன்றையும் சேர்த்துச் சுற்றிவரும் மதில், அகழி. செல்லுக்கும் வெளியே ஒரு சவ்வு, உள்ளே கருவுக்கு இன்னொரு உறை. வெளிக்கோட்டை, உள்கோட்டை. பொருத்தம் கச்சிதமாகத்தான் தெரிந்தது.

ஆனால் மதில் என்பது உடைத்தால் உடைந்தபடி கிடப்பது. செல்லின் சவ்வு அப்படிக் கிடையாது. அது எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று பிடித்திருக்கும் ஒரு மெல்லிய ஏடு. ஐந்து நானோமீட்டர் கனம். தலைமயிரின் கனத்தில் பதினாலாயிரத்தில் ஒரு பங்கு. அந்த மூலக்கூறுகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை, ஏட்டுக்குள் நீந்திக்கொண்டே இருக்கின்றன. ரசத்தின்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கரண்டியால் கீறினால் பிரிந்து, திரும்பச் சேர்ந்துகொள்கிறதே, கிட்டத்தட்ட அது. துளை விழும். மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ளாவிட்டால் செல் அழும், அழுதால் சாகும். ஆக எனக்குக் கோட்டை உதவவில்லை, சணல் சாக்குதான் உதவியது.

அந்தத் துளையை மின்சாரத்தால் போடலாம் என்று 1982-இல் ஜெர்மனியில் எபர்ஹார்ட் நியூமனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். எலிச் செல்களும் டி.என்.ஏ.வும் கலந்த திரவத்தில் மிகக் குறுகிய, வலுவான மின்துடிப்பைக் கொடுத்தார்கள், டி.என்.ஏ. உள்ளே போய் வேலை செய்தது. சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வோல்ட் விழுந்தால் போதும், ஏடு விலகிக் கொடுக்கும். பதினான்கு மைக்ரான் அகலமுள்ள ஒரு செல்லுக்கு அந்த ஒரு வோல்ட்டை உண்டாக்க சென்டிமீட்டருக்கு ஆயிரம் வோல்ட் அளவில் மின்புலம் வேண்டும். வழக்கமான குப்பியில் மின்முனைகளுக்கு நடுவே நான்கு மில்லிமீட்டர். ஆகவே நானூறு வோல்ட். அதற்கென்று பிரத்தியேகக் கருவி, பெரிய மின்தேக்கிகள். மின்முனைகளை நாற்பது மைக்ரான் இடைவெளியில் கொண்டுவந்துவிட்டால்? நான்கு வோல்ட். கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் சிரித்துவிட்டேன். டார்ச் லைட்டுக்குப் போடும் கட்டை பேட்டரி மூன்று போதும். கலிபோர்னியாவில் போரிஸ் ரூபின்ஸ்கியும் யோங் ஹுவாங்கும் 1990-களின் கடைசியில் ஒற்றைச் செல்லைச் சிப்பின் நுண்துளையில் உட்காரவைத்து, அதன் சவ்வில் துளை விழும் கணத்தை மின்னோட்டத்தின் ஏற்றத்திலேயே படித்தார்கள். குத்தூசி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கை உணர்வதுபோல.

சின்ன வோல்ட் என்பது வேடிக்கைக்குச் சொன்னது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சவ்வில் எவ்வளவு வோல்ட் விழும் என்பது செல்லின் அளவைப் பொறுத்தது. பெரிய செல்லுக்கு அதிகம், சின்னதற்குக் குறைவு. குப்பியில் பத்து லட்சம் செல்லை ஒன்றாக வைத்து ஒரே அடி அடித்தால், பெரியவை செத்துப்போகும், சின்னவை ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், நடுவில் உள்ளவைதான் தேறும். விளைவைச் சதவீதத்தில் எழுதி முடித்துவிடுகிறோம். கமிட்டியில் எந்த ஆளும் எல்லா மூட்டையையும் ஒரே விசையில் குத்தமாட்டான். சாக்கைப் பார்த்துத்தான் கை இறங்கும். சிப் அந்தப் பார்வையைக் கொண்டுவர முயல்கிறது.

இன்னொரு சங்கதியையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் இதை வெகுநாள் தப்பாகவே நினைத்திருந்தேன். துளை விழுகிறது, டி.என்.ஏ. அதன்வழியே சர்ரென்று உள்ளே போகிறது, துளை மூடுகிறது என்று. சின்ன மூலக்கூறுகள் அப்படித்தான் போகின்றன. டி.என்.ஏ. பெரிய உருப்படி, எதிர்மின்சுமை கொண்டது. மின்துடிப்பு அதை நேர்முனைப் பக்கமாகத் தள்ளும்போது வழியில் நிற்கும் செல்லின் ஒரு கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. மின்சாரம் நின்றுவிட்டது. டி.என்.ஏ. இன்னும் வாசற்படியில்தான். அதன்பிறகு பல நிமிடம் எடுத்துக்கொண்டு செல்தான் அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்புறம் கருவுக்குள் போகவேண்டும். அநேகமாகச் செல் அடுத்த தடவை பிளவுபடும்போது, கருவின் உறை தற்காலிகமாகக் கலையும் நேரத்தில் அது நடக்கும். நாம் கதவைத் தட்டுகிறோம், அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போய் உட்காரவைப்பது வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் யார் என்பதும் ஒரு கதை. நான் பயன்படுத்தியது எச்.இ.கே. 293 என்ற செல். உலகில் பாதி ஆய்வகங்களில் இருக்கிறது. 1973-இல் நெதர்லாந்தில் லைடன் நகரத்தில் பிராங்க் கிரகாம் என்பவர், மனிதக் கருவின் சிறுநீரகச் செல்லுக்குள் அடினோவைரஸின் டி.என்.ஏ. துண்டைப் புகுத்தி உண்டாக்கியது. அவருடைய 293-ஆவது சோதனை, அதனால் அந்தப் பெயர். கால்சியம் பாஸ்பேட்டோடு டி.என்.ஏ.வைக் கலந்தால் மாவுபோலப் படிந்து செல்மேல் ஒட்டும், செல் விழுங்கிவிடும் என்று அவரும் வான் டெர் எப்பும் அதே வருடம்தான் எழுதினார்கள். அயல் மரபணுவை ஏற்றுக்கொள்வதில் பெயர்பெற்ற அந்தச் செல், தானே ஒரு அயல் மரபணுவால் உருவானது. இதை எங்கோ தூரத்து விஷயமாக எண்ணவேண்டாம். கோவிஷீல்டு வளர்ந்தது இந்தச் செல்லில்தான். அந்த ஊசியில் இருந்ததும் ஒரு சிம்பன்சி வைரஸின் முதுகில் ஏற்றிய அயல் மரபணு. செஞ்சி அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்ற எங்கள் தெரு முழுக்க அதைத் தோள்பட்டைச் செல்களில் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தது.

மின்சாரம் மட்டுமே வழி என்றில்லை. 2013-இல் எம்.ஐ.டி.யில் ஆர்மன் ஷரேயும் மற்றவர்களும் செல்லைவிடக் குறுகலான இடுக்கில் அதை வேகமாகப் பிதுக்கிக் காட்டினார்கள். நெருக்கத்தில் சவ்வு விலகுகிறது, வெளியே வந்ததும் மூடிக்கொள்கிறது. சென்னையில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் துஹின் சுப்ர சாந்த்ராவின் குழு ஒளியைப் பிடித்தது: டைட்டானியத்தால் ஆன நுண்வளையங்கள் பதித்த தகட்டில் செல்களைப் படுக்கவைத்து அகச்சிவப்பு லேசர் துடிப்பை அடித்தால், வளையத்தின் விளிம்பில் கணநேரக் குமிழி வெடித்து சவ்வைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஒரே நேரத்தில் ஏராளமான செல்கள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு தொடுகை. கிண்டி காட்டில் மான்கள் மேய்கிற பக்கத்துக் கட்டடத்தில் இது நடக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்பப் பெருமை உண்டு.

குமிழி என்றதும் என் தோல்வி நினைவுக்கு வருகிறது. சிப்பில் வேலை செய்கிறவர்களுக்குக் குமிழியைப்போல விரோதி கிடையாது. ஒரு சனிக்கிழமை. ஒரு வாரமாக வளர்த்த செல்கள், பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்த சிப். ஊசிப் பம்பில் குழாயை மாட்டும்போது முனையில் ஒரு கடுகளவு காற்று நின்றுவிட்டது. நான் பார்த்தேன். போகட்டும், வெளியேறிவிடும் என்று விட்டேன். அது நேராக இடுக்கில் போய் உட்கார்ந்தது. பின்னால் வந்த செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, செஞ்சிக் கூட்டுரோட்டில் லாரி மாட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டன. அழுத்தத்தைக் கூட்டினேன், குழாய் பிய்த்துக்கொண்டு இளஞ்சிவப்பு ஊட்டநீர் மைக்ராஸ்கோப்பின்மேல் தெறித்தது. அன்றைக்கு மிச்சமிருந்த வேலை அதைத் துடைத்ததுதான். தட்டில் மீந்த செல்களை அடுத்த நாள் பார்க்க மறந்தேன். திங்கட்கிழமை ஊட்டநீர் மஞ்சளாகி இருந்தது. பசியும் கழிவும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். செல்லைப் பொறுத்தவரை அதுதான் பஞ்சம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் வேலூரைச் சொல்வேன். செஞ்சியிலிருந்து ஆரணி வழியாகப் பஸ் ஏறினால் போய்விடலாம். எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான். அந்த ஆஸ்பத்திரியின் விதை உண்மையில் எங்கள் பக்கத்து ஊரான திண்டிவனத்தில் விழுந்தது. பாதிரியாரின் மகளாக அங்கே இருந்த ஐடா ஸ்கடரின் வீட்டுக்கதவை ஒரே இரவில் மூன்று ஆண்கள் தட்டினார்கள்; மூவருடைய மனைவியும் பிரசவ வேதனையில். ஐடா மருத்துவம் படிக்காதவர். அவருடைய அப்பா மருத்துவர், ஆனால் ஆண் என்பதால் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். உதவி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே போக வழியில்லை. ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி வந்து 1900-இல் வேலூரில் சின்னதாகத் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி.

அங்கே உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் குழுவினரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கடுமையான ஹீமோபீலியா 'ஏ' உள்ள ஐந்து பேருக்குச் செய்த மரபணு சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. இந்த நோயில் ரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி என்ற புரதம் உடம்பில் இராது. முட்டி தட்டினால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும். எங்கள் பள்ளியில் ஒரு பையன் விளையாட்டு நேரத்தில் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பான். சோம்பேறி என்று நினைத்தோம்.

சிகிச்சை முறை இது: நோயாளியின் ரத்தத்திலிருந்து ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச்செல்களை எடுத்து, வெளியே தட்டில் வைத்து, லென்டிவைரஸ் வழியாக எட்டாம் காரணியின் மரபணுவை ஏற்றி, மஜ்ஜையில் மருந்தால் இடம் ஒழித்து, திரும்பச் செலுத்துவது. முதல் இரண்டு பேருக்கும் அடுத்த மூன்று பேருக்கும் ஒரே மரபணு, ஒரே வகை வைரஸ், ஒரே வகைச் செல். வித்தியாசம் ஒன்றுதான்: இரண்டாவது குழுவுக்கு வைரஸ் செல்லுக்குள் நுழைவதற்குக் கைகொடுக்கும் ஒரு பொருளைத் தட்டில் சேர்த்தார்கள். முதல் குழுவில் எட்டாம் காரணியின் அளவு ஒருவருக்கு ஐந்துக்குப் பக்கம், மற்றவருக்கு இரண்டுக்கும் கீழே. இரண்டாவது குழுவில் பத்தொன்பதிலிருந்து நாற்பது வரை. (ஆரோக்கியமான ஆளுக்கு ஐம்பதுக்கு மேல், கடுமையான நோயாளிக்கு ஒன்றுக்கும் கீழே.) சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. அந்த எண்களை நான் பலதடவை பார்த்திருக்கிறேன். மருந்தை மாற்றவில்லை. வாசலைத்தான் மாற்றினார்கள்.

வைரஸ் ஏன், துளை போட்டால் ஆகாதா என்றால், தாய்ச்செல்லில் மரபணு நிலைத்து நிற்கவேண்டும். செல் பெருகும்போது வாரிசுகளுக்கும் போகவேண்டும். துளை வழியே போன டி.என்.ஏ. பெரும்பாலும் விருந்தாளி, சில நாளில் கிளம்பிவிடும். லென்டிவைரஸ் குடும்ப அட்டையில் பெயரைச் சேர்த்துவிடுகிறது. ஆனால் எந்த இடத்தில் சேர்க்கும் என்பது நம் கையில் இல்லை. பாரிஸில் பிறவியிலேயே நோயெதிர்ப்பு இல்லாத குழந்தைகளுக்கு, இதற்கு முந்தைய தலைமுறை வைரஸைக் கொண்டு செய்த சிகிச்சையில், மரபணு தவறான இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிலருக்கு ரத்தப்புற்றுநோய் வந்தது; 2002-க்குப் பிறகு அந்தத் துறையே சில வருடம் தலைகுனிந்து நின்றது. வேலூர்க்காரர்களும் இன்னும் பல வருடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். விலையும் ஒரு கேள்வி. ஹீமோபீலியா 'பி'-க்கு 2022-இல் அமெரிக்காவில் வந்த மரபணு மருந்து ஒரு தடவைக்கு முப்பத்தைந்து லட்சம் டாலர். செஞ்சி வட்டத்தில் எந்த நிலத்தையும் விற்று அதை வாங்க முடியாது. மருந்துத்தரத்தில் வைரஸ் தயாரிப்பது பெரும் செலவு பிடிக்கிற காரியம். மின்துளையும் பிதுக்கும் சிப்பும் லேசரும் எனக்கு முக்கியமாகப்படுவது இதனால்தான். பாதியளவு வேலையாவது வைரஸ் இல்லாமல் நடந்தால் விலை இறங்கும். நடக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். குமிழி இருக்கிறது.

வேலூர்க்காரர்கள் ஏற்றிய அந்த மரபணு முழுக்க மனிதனுடையதும் அல்ல. மனித எட்டாம் காரணியின் சில பகுதிகளை எடுத்துவிட்டுப் பன்றியின் பகுதிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் செல் அந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. இதைக் கேட்டதும் முகம் சுளித்தவர்களை எனக்குத் தெரியும். செல்லுக்குள் புரதம் கட்டுகிற ரைபோசோம் சுளிப்பதில்லை. ஜெல்லிமீனோ பன்றியோ வைரஸோ, எழுத்து ஒன்று, வாசித்துவிடுகிறது.

அயல் என்ற சொல்லையே நான் இப்போது வேறுமாதிரி கேட்கிறேன். தமிழில் அயல் என்றால் பிறத்தி. அயல் என்றால் பக்கத்துவீடும்தான். அயலார் என்பவர் அந்நியரா, உப்பு கடன் கேட்கிறவரா? இதற்குச் செஞ்சியைவிட நல்ல ஊர் கிடைக்காது. 1677-இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1689-இல் முகலாயர் துரத்த, அவர் மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே வந்து இதற்குள் நுழைந்தார். மதிலில் ஒரு கல் பெயரவில்லை. ஆனால் அதன்பின் மராட்டிய ராஜ்யம் செஞ்சியிலிருந்து நடந்தது. 1690-இல் சுல்பிகர் கான் முற்றுகை போட்டு, பீரங்கி வைத்து, ஏறத்தாழ எட்டு வருடம் உட்கார்ந்திருந்து 1698-இல்தான் பிடித்தார். அதற்குள் ராஜாராம் தப்பிப் போயிருந்தார். 1750-இல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். கோயில் தூண்களையும் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை எங்கள் தூண்கள்.

இத்தனை பேரில் செஞ்சி யாரை வைத்துக்கொண்டது? தேசிங்கை. முகலாயர் கோட்டையைக் கவனிக்க வைத்த புந்தேலக் குலத்து சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங். எங்கோ விந்திய மலைப் பக்கத்து வம்சம். அப்பா இறந்ததும் பதவிக்கு வந்து, ஒரு வருடம்கூட முழுதாக ஆளாமல், 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இருபதை ஒட்டிய வயதில் செத்துப்போனவன். எட்டு வருடம் முற்றுகை போட்டவனுக்கு ஒரு பாட்டில்லை; பல பத்தாண்டு ஆண்டவர்கள் பெயர் கல்வெட்டுப் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சில மாதம் இருந்தவன் தேசிங்குராஜன் கதையாகி, கூத்தாகி, எம்.ஜி.ஆர். படமாகி, இன்றைக்கும் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பெயராக இருக்கிறான். அவன் பேசிய மொழி என்னவோ, நமக்குத் தெரிந்த தேசிங்கு தமிழில்தான் குதிரையை அதட்டுகிறான். ஊர் அவனை வாசித்துவிட்டது.

சிப் ஒருவழியாக வேலை செய்த அன்று, மறுநாள் இருட்டறையில் நீலவெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தேன். கறுப்பில் பச்சைப் புள்ளிகள், கார்த்திகை விளக்கு மாதிரி. போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் காட்டினேன். அவருக்குக் கண்ணில் புரை. போனைக் கைநீட்டம் தள்ளிப் பிடித்து, கமிட்டியில் நெல்லைப் பார்ப்பதுபோலவே கொஞ்சநேரம் பார்த்தார்.

"பச்சையா இருக்கறது நீ போட்டது எடுத்துக்கினதா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப இந்த இருட்டா இருக்கறதுங்க? அதுங்க இன்னாது?"

"அதுல போகல."

"அது சரி. ஊசி படாததால போகலியா, இல்ல பட்டு செத்துப்போச்சா?"

செத்த செல்லை மட்டும் சிவப்பாகக் காட்டுகிற ஒரு சாயம் உண்டு. மூடாத துளை வழியேதான் அது உள்ளே போகும். ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். பச்சையைக் கண்ட சந்தோஷத்தில் அன்றைக்கு நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.